தோல் கழற்றச் சொல்வது யார்? பூச்சியின் ஓமோனும் அதைக் கேட்கும் பரம்பரையலகுகளும்

நெல்லின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சி விழுந்த நெல் வயலுக்குள் இறங்கிப் பயிரின் அடியை விரித்துப் பார்த்தால் பூச்சிகளோடு இன்னொன்றும் கண்ணில் படும். தண்டின் அடியிலும் தேங்கிய தண்ணீரின் மேலும் மெல்லிய வெண்ணிறத் துணுக்குகள் ஒட்டிக் கிடக்கும். அவை அறக்கொட்டிக் குஞ்சுகள் கழற்றிப் போட்ட தோல்கள். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு முழுப் பூச்சியாவதற்குள் ஐந்து தடவை தோலைக் கழற்றுகிறது. இதற்கு ஏறக்குறைய இரண்டு கிழமைதான் எடுக்கும். சோளத்தைத் தின்னும் படைப்புழுவும் இப்படித்தான் வளர்கிறது. மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கத்துக் காடுகளில் பாலை மரத் தண்டில் கால்களால் இறுகப் பற்றியபடி நிற்கும் வெற்றுக் கூடு சில்வண்டு விட்டுப்போன தோல்.

எங்கள் பாடப்புத்தகங்களும் வகுப்புக் குறிப்புகளும் இதை இரண்டு வரியில் முடித்துவிடுகின்றன: மூளை ஒரு சுரப்பியைத் தூண்டுகிறது, சுரப்பி எக்டைசோன் என்ற ஓமோனைச் சுரக்கிறது, தோல் கழற்றல் நடக்கிறது. அம்புக்குறி போட்டு மனனம் செய்ய இது போதும். விளங்கிக்கொள்ளப் போதாது. ஒரே ஓமோன் ஒரு தடவை புழுவை இன்னும் பெரிய புழுவாக்குகிறது, இன்னொரு தடவை அதே புழுவைக் கூட்டுப்புழுவாக்குகிறது, பிறகு வண்ணத்துப்பூச்சியாக்குகிறது. ஒரே பொருள் மூன்று வேலைகளை எப்படிச் செய்கிறது? ஓமோன் நேரத்தை மட்டும் அறிவிக்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதைக் கலத்துக்குள் இருக்கும் பரம்பரையலகுகளின் (ஜீன்களின்) அப்போதைய நிலை தீர்மானிக்கிறது. இந்தக் கட்டுரை முழுவதும் இதைத்தான் விரித்துச் சொல்லப் போகிறேன்.

முதலில் தோலைப் பற்றி. பூச்சிக்கு எலும்பு வெளியே இருக்கிறது. கைற்றின் என்ற நாரும் பலவகைப் புரதங்களும் சேர்ந்து இறுகிய அந்தப் புறவன்கூடு உடலைத் தாங்குகிறது, ஈரம் போகாமல் காக்கிறது, தசைகளுக்குப் பிடிமானம் தருகிறது. ஆனால் ஓரளவுக்கு மேல் அது விரியாது. உள்ளே உடல் பெருக்கப் பெருக்க ஒரு கட்டத்தில் பழைய கூட்டை விட்டு வெளியேறியே ஆக வேண்டும்.

வெளியேறுவது கடைசி நிமிட வேலை. அதற்கு முன்பே உள்ளே ஏராளமான வேலைகள் நடந்து முடிந்திருக்கும். தோலுக்கு அடியிலுள்ள ஒற்றைக் கல அடுக்கு முதலில் பழைய தோலிலிருந்து பிரிகிறது. பிரிந்த இடைவெளியில் ஒரு திரவம் சுரக்கிறது. அதில் கைற்றினையும் புரதத்தையும் அரிக்கும் நொதியங்கள் உண்டு. ஆனால் அவை தொடக்கத்தில் செயலற்ற நிலையிலேயே இருக்கும். இதற்குள் அந்தக் கல அடுக்கு புதிய தோலின் மேற்படையைப் போட்டு முடிக்கிறது. அந்தப் படை நொதியங்களுக்கு அசையாது. அதற்குப் பிறகே நொதியங்கள் செயற்படத் தொடங்கிப் பழைய தோலின் உட்பகுதியைக் கரைக்கின்றன. கரைந்ததில் பெரும்பகுதியை உடல் உறிஞ்சிப் புதிய தோலுக்கே பயன்படுத்திக்கொள்கிறது. வயலில் நாம் காண்பது கரையாமல் எஞ்சிய வெளிப்படை மட்டுமே. அதனால்தான் அது அத்தனை மெல்லியது. கடைசியில் பூச்சி காற்றையோ நீரையோ விழுங்கி உடலைப் பெருப்பிக்கிறது. பழைய தோல் முதுகில் பிளக்கிறது. மெத்தென்ற புதிய உடல் வெளியே வருகிறது, விரிகிறது, இறுகுகிறது.

இந்த வரிசையில் எது முந்தினாலும் பிந்தினாலும் உயிர் போய்விடும். புதிய மேற்படை போடும் முன் நொதியங்கள் விழித்தால் புதிய தோலும் சேர்ந்து கரையும். தோல் இறுகிய பின் வெளியேற முயன்றால் விரிய முடியாது. ஆகவே பல நூறு பரம்பரையலகுகள் சரியான ஒழுங்கில் திறந்து மூட வேண்டும்.

பரம்பரையலகு என்பது ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு. உடலிலுள்ள ஏறக்குறைய எல்லாக் கலங்களிலும் எல்லாக் குறிப்புகளும் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு கலமும் தனக்கு வேண்டியதை மட்டுமே ஆர்என்ஏ ஆகப் பிரதியெடுத்துப் புரதமாக்குகிறது. ஒரு பரம்பரையலகு பிரதியெடுக்கப்படும்போது அது வெளிப்பட்டிருக்கிறது என்கிறோம். எது எப்போது வெளிப்பட வேண்டும் என்பதை ஆளும் புரதங்களும் உண்டு. அவை டிஎன்ஏயின் குறித்த இடங்களில் போய் அமர்ந்து, பக்கத்திலுள்ள பரம்பரையலகைத் திறக்கவோ அடைக்கவோ செய்யும். இவ்வளவு தெரிந்தால் மேற்கொண்டு போகலாம்.

தோல் கழற்றலை மூளை ஆள்கிறது என்று முதலில் காட்டியவர் போலந்து நாட்டின் ஸ்டெஃபான் கோபெச். 1917இலும் 1922இலும் வெளியிட்ட ஆய்வுகளில் அவர் அந்துப்பூச்சிப் புழுக்களின் மூளையை அகற்றியும் உடலை நூலால் இறுகக் கட்டியும் பார்த்தார். இரண்டு தோல் கழற்றல்களுக்கு இடைப்பட்ட காலத்தைப் பருவம் என்கிறோம். கடைசிப் பருவப் புழுவிலிருந்து மூளையை நேரகாலத்தோடு எடுத்துவிட்டால் அது கூட்டுப்புழுவாகாது. ஒரு குறித்த நாளுக்குப் பிறகு எடுத்தால் ஆகிவிடும். மூளை நரம்புகள் வழியாக மட்டுமே கட்டளையிடும் என்று நம்பிய காலத்தில், மூளை இரத்தத்தில் ஒரு பொருளைக் கலந்துவிடுகிறது என்று சொல்லத் துணிச்சல் வேண்டும்.

பிறகு இங்கிலாந்தில் வின்சென்ட் விகிள்ஸ்வேர்த் 1930களில் றொட்னியஸ் என்ற இரத்தம் குடிக்கும் மூட்டுப்பூச்சி வகையை எடுத்துக்கொண்டார். எவ்வளவு பொருத்தமான தெரிவு! அது ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒரு தடவை வயிறு புடைக்கக் குடித்தால் போதும். அதிலிருந்து குறித்த நாட்களில் தோல் கழற்றும். குடித்த சில நாட்களுக்குள் தலையை வெட்டினால் பூச்சி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், ஆனால் தோல் கழற்றாது. கொஞ்சம் பிந்தி வெட்டினால் தலையில்லாமலே கழற்றும். முந்தி வெட்டியதையும் பிந்தி வெட்டியதையும் உடலோடு உடல் ஒட்டி இரத்தம் கலக்கச் செய்தால் இரண்டும் கழற்றும். இரத்தத்தில் ஏதோ பாய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மூளையின் சமிக்ஞையை வாங்கி உண்மையான தோல்கழற்றல் ஓமோனைச் சுரப்பது மார்பின் முன்பகுதியிலுள்ள சுரப்பி என்று 1940இல் யப்பானின் ஃபுகுடா பட்டுப்புழுவில் காட்டினார்.

அந்த ஓமோன் என்ன பொருள் என்று கண்டுபிடிக்க இன்னும் பதினான்கு வருடம் போனது. 1954இல் ஜேர்மனியில் பூட்டெனான்ட், கார்ல்சன் ஆகிய இருவரும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து 25 மில்லிகிராம் பளிங்கைப் பிரித்தெடுத்தார்கள். அரைத் தொன் புழுவிலிருந்து ஒரு சிட்டிகைக்கும் குறைவு. அதுதான் எக்டைசோன். மனித உடலின் பாலோமோன்களைப் போல அதுவும் ஸ்டீரொயிட் வகை, கொலஸ்திரோலிலிருந்து செய்யப்படுவது. பூச்சியால் கொலஸ்திரோலைத் தானாகத் தொகுக்க முடியாது, தின்னும் உணவிலிருந்துதான் அதற்கான மூலப்பொருளைப் பெறுகிறது. சுரப்பியிலிருந்து வெளிவரும் எக்டைசோன் கொழுப்புத் திசு போன்ற இடங்களில் சிறிது மாற்றப்பட்டு, வீரியம் கூடிய வடிவத்தைப் பெறுகிறது. கலங்களுக்குள் வேலை செய்வது பெரும்பாலும் அந்த மாறிய வடிவமே. வசதிக்காக இரண்டையும் எக்டைசோன் என்றே இங்கு அழைக்கிறேன்.

இனி வருவது என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிக அழகான பகுதி. குளக்கரைகளில் மாலையில் கூட்டமாகப் பறக்கும், நுளம்பைப் போன்ற, ஆனால் கடிக்காத சிறு பூச்சிகள் உண்டு. அவற்றின் செந்நிறப் புழுக்கள் குளத்துச் சேற்றுக்குள் வாழும். கைரனோமஸ் என்பது அவற்றுள் ஒரு பேரினம். இந்தப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக் கலங்களில் பரம்பரையலகுகளைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் பிரியாமலே திரும்பத் திரும்ப இரட்டிப்பதால், ஆயிரக்கணக்கான இழைகள் பக்கம் பக்கமாக ஒட்டி, சாதாரண நுணுக்குக்காட்டியிலேயே பட்டை பட்டையாகத் தெரியும் அளவுக்குத் தடித்திருக்கும். புழு தோல் கழற்றும் வேளையில் இவற்றின் சில இடங்கள் மட்டும் வீங்கி எழும். வீங்கிய இடம் என்பது இழைகள் தளர்ந்து, அங்குள்ள பரம்பரையலகு பிரதியெடுக்கப்படும் இடம்.

1960இல் கிளேவரும் கார்ல்சனும் தோல் கழற்றும் நேரம் வராத புழுக்களுக்குத் தூய எக்டைசோனை ஊசியால் ஏற்றினார்கள். ஒரு மணி நேரம்கூடச் செல்லவில்லை. குறித்த இடங்கள் வீங்கின. இயல்பான தோல் கழற்றலின்போது வீங்கும் அதே இடங்கள். ஒரு ஓமோன் பரம்பரையலகுகளையே நேரடியாக எழுப்புகிறது என்பதை மனிதர் கண்ணால் கண்ட முதல் தருணங்களில் அது ஒன்று. பிற்காலத்தில் மனித ஓமோன்களைப் பற்றி நாம் அறிந்துகொண்ட பலவற்றுக்கும் இந்தப் புழு வழி காட்டியது.

அடுத்து மைக்கல் அஷ்பேணர் பழ ஈயின் சுரப்பிகளை எடுத்து, கண்ணாடித் தட்டில் ஓமோன் சேர்த்து மணிக்கு மணி பார்த்தார். சில நிமிடங்களில் ஆறு இடங்கள் அளவில் வீங்கின. பல மணி நேரம் கழித்து நூற்றுக்கு மேற்பட்ட வேறு இடங்கள் வீங்கின. அந்த வேளையில் முந்தியவை அடங்கின. ஓமோனோடு சேர்த்துப் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தையும் கொடுத்தபோது முந்தியவை வழமைபோல் வீங்கின. ஆனால் பிந்தியவை வரவேயில்லை. முந்தியவை அடங்கவும் இல்லை. 1974இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். ஓமோன் தன் வாங்கியோடு, அதாவது கலத்துக்குள் தன்னைப் பற்றிக்கொள்ளும் புரதத்தோடு, சேர்ந்து ஒரு சில ‘முந்திய’ பரம்பரையலகுகளை நேரடியாகத் திறக்கிறது. அவற்றிலிருந்து வரும் புரதங்கள் இரண்டு வேலை செய்கின்றன: ‘பிந்திய’ பரம்பரையலகுகளைத் திறக்கின்றன, தாம் பிறந்த இடத்தை அடைக்கின்றன. வாங்கியோ பரம்பரையலகோ ஒன்றுகூடக் கையில் கிடைக்காத காலத்தில், வீக்கங்களைப் பார்த்து மட்டும் எழுதிய விளக்கம் இது. பிறகு அந்தப் பரம்பரையலகுகள் பிரித்தெடுக்கப்பட்டபோது அதன் எலும்புக்கூடு அப்படியே சரியாக நின்றது. முந்தியவற்றுள் ஈ-74, ஈ-75, புரோட் என்ற மூன்றும் மிக நன்றாக ஆராயப்பட்டவை. மூன்றும் மற்றப் பரம்பரையலகுகளை ஆளும் புரதங்களையே தருகின்றன.

வாங்கி 1991இல் அமெரிக்காவில் டேவிட் ஹொக்னெஸின் ஆய்வுகூடத்தில் அகப்பட்டது. அது ஈசிஆர் எனப்படும். தனியாக நின்று வேலை செய்யாது. யூஎஸ்பி என்ற இன்னொரு புரதத்தோடு சோடி சேர்ந்து டிஎன்ஏயில் அமரும். யூஎஸ்பிக்கு இணையான புரதம் எங்கள் உடலிலும் உண்டு. எங்கள் ஈஸ்ட்ரஜன் வாங்கி, தைரொயிட் ஓமோன் வாங்கி, விற்றமின் டி வாங்கி எல்லாம் ஈசிஆரின் சொந்தக் குடும்பமே. கூடவே ஒரு முக்கியமான விடயம். ஓமோன் வரும்வரை இந்தச் சோடி சும்மா காத்திருப்பதில்லை. ஓமோன் இல்லாத வேளையில் அது அடக்கும் புரதங்களைக் கூட்டிவந்து அந்தப் பரம்பரையலகை அடைத்து வைத்திருக்கும். ஓமோன் வந்து பொருந்தியதும் வாங்கியின் உருவம் மாறுகிறது, அடக்குவோர் விலகுகிறார்கள், திறப்போர் வந்து சேருகிறார்கள். ஆகவே ஓமோன் வருகையால் ஒரே நேரத்தில் தடை நீங்குகிறது, தூண்டுதலும் கிடைக்கிறது.

ஓமோன் ஏறுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். அது இறங்குவதும் அதேயளவு முக்கியம். எக்டைசோன் ஏறும்போது பழைய தோல் பிரிகிறது, கைற்றின் அரிக்கும் நொதியங்களின் பரம்பரையலகுகள் திறக்கின்றன, புதிய தோல் போடப்படுகிறது. ஆனால் சில பரம்பரையலகுகள் ஓமோன் உச்சத்தில் இருக்கும்வரை வாய் திறப்பதேயில்லை. ஏறும் ஓமோன் எச்ஆர்-3 என்ற புரதத்தைக் கொண்டுவருகிறது. எச்ஆர்-3 அடுத்தவருக்கான இடத்தைத் தயார் செய்கிறது. ஓமோன் இறங்கியதும்தான் எஃப்டிசட்-எஃப்1 என்ற அடுத்த புரதம் வெளிப்படுகிறது. இது வந்த பிறகே கூட்டை உடைத்து வெளியேறும் அசைவுகளைத் தூண்டும் ஓமோனைச் சிறப்புக் கலங்களால் வெளிவிட முடியும். புதிய தோலைக் கறுப்பாக்கி இறுக்கும் நொதியங்களில் ஒன்றின் பரம்பரையலகும் முதலில் ஓமோனைக் கண்டு, பிறகு அது விலகினால்தான் முழுதாக வேலை செய்யும்.

இதை நிரூபிக்கும் மருந்தொன்று உண்டு. டெபுஃபெனோசைட் என்பது ஸ்டீரொயிட் அல்ல, ஆனாலும் அந்துப்பூச்சிப் புழுக்களின் ஈசிஆரில் எக்டைசோனைப் போலவே பொருந்திக்கொள்ளும். பொருந்தினால் லேசில் விலகாது, உடலால் விரைவில் அதை அழிக்கவும் முடியாது. தின்ற புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்தி, காலம் வருமுன்பே தோல் கழற்றத் தொடங்கும். பழைய தோல் பிரியும், புதியது அரைகுறையாகப் போடப்படும். ஆனால் ‘ஓமோன்’ இறங்கவே இல்லை. ஆகவே இறங்கிய பின் திறக்க வேண்டியவை எதுவும் திறப்பதில்லை. பழைய தலைக்கூட்டுக்குள் புதிய தலை சிக்கியபடி புழு சாகிறது. அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி வகைகளின் வாங்கியில் மட்டுமே இது நன்றாகப் பொருந்துவதால் தேனீக்கு ஆபத்து மிகக் குறைவு. எங்கள் உடலில் ஈசிஆரே கிடையாது.

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வரலாம். ஒரே ஓமோன் எப்படி மூன்று வேலை செய்கிறது?

இரணைமடுக் குளத்தில் துருசு திறந்தால் இடதுகரை வாய்க்காலிலும் வலதுகரை வாய்க்காலிலும் ஒரே தண்ணீர்தான் ஓடுகிறது. அது விதைத்த வயலில் முளையை எழுப்பும், கதிர் வந்த வயலில் மணியை முற்றவைக்கும், தரிசில் புல்லை வளர்க்கும். என்ன விளையும் என்பது தண்ணீரில் இல்லை, அந்த வயலில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது. எக்டைசோனும் அப்படித்தான். பழ ஈயின் புழு கூட்டுப்புழுவாகும் வேளையில் ஒரே ஓமோன் அலை உடல் முழுவதும் பரவுகிறது. இறக்கைக்கான கலத்தொகுதி அதைக் கேட்டு நீண்டு விரிகிறது. புழுவுக்கு மட்டும் தேவைப்பட்ட குடல், உமிழ்நீர்ச் சுரப்பி போன்ற திசுக்களோ அந்த அலைகளைக் கேட்டே தம்மை அழித்துக்கொள்கின்றன. ஈசிஆர் வாங்கியே சற்று வேறுபட்ட வடிவங்களில் வருகிறது. எந்தத் திசுவில் எந்த வடிவம் கூடுதலாக இருக்கிறது என்பதும் பலனை மாற்றுகிறது.

காலத்துக்குக் காலம் ஏற்படும் வேறுபாட்டுக்குக் காரணம் இன்னொரு ஓமோன். மூளைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் சிறிய சுரப்பிகளிலிருந்து வரும் இது இளமை ஓமோன். இதையும் விகிள்ஸ்வேர்த்தான் கண்டார். முழுப்பூச்சியாக மாறவேண்டிய கடைசிப் பருவக் குஞ்சோடு அதற்கு முந்திய பருவக் குஞ்சை இரத்தம் கலக்க ஒட்டினார். பெரியது முழுப்பூச்சியாகாமல் இன்னுமொரு தடவை குஞ்சாகவே தோல் கழற்றியது. இளையதன் இரத்தத்தில் ‘இன்னும் வளர், மாறாதே’ என்று சொல்லும் ஏதோவொன்று இருந்திருக்கிறது. எக்டைசோன் வரும்போது இளமை ஓமோன் நிறைய இருந்தால் பூச்சி பழைய உருவத்திலேயே பெரிதாகும், இல்லாவிட்டால் உருமாறும்.

பரம்பரையலகு மட்டத்தில் இது எப்படி நடக்கிறது என்பது அண்மைக் காலத்தில்தான் தெளிந்தது. இளமை ஓமோனின் வாங்கி மெட் எனப்படும். இளமை ஓமோனைப் போன்ற மெத்தோப்பிரீன் என்ற மருந்துக்குச் சாகாத பழ ஈக்களை 1980களில் ஆராயும்போது இந்தப் பரம்பரையலகு கண்ணில் பட்டது. அதுதான் உண்மையான வாங்கி என்று உறுதியாக 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இளமை ஓமோன் மெட்டோடு பொருந்தினால் கேஆர்-எச்1 என்ற பரம்பரையலகு திறக்கிறது. அதன் புரதம் ஒரு காவலாளி. முழுப்பூச்சியாக மாற்றும் ஈ-93 என்ற பரம்பரையலகை அது திறக்க விடாது. எக்டைசோன் வந்து தட்டினாலும் காவல் இருக்கும்வரை ஈ-93 மௌனமாகவே இருக்கும். இளமை ஓமோன் நின்று, காவல் விலகிய பிறகு வரும் எக்டைசோன் அலை அந்தக் கதவைத் திறக்கிறது. படைப்புழு, வண்ணத்துப்பூச்சி போல நடுவில் கூட்டுப்புழுப் பருவமுள்ள பூச்சிகளில் புரோட் இடையில் வந்து கூட்டுப்புழுவின் உருவைத் தீர்மானிக்கிறது. அறக்கொட்டி போன்றவற்றில் கூட்டுப்புழு கிடையாது; ஐந்தாம் பருவக் குஞ்சில் இளமை ஓமோன் குறைந்ததும் நேரே ஈ-93இன் முறை.

இதோடு தொடர்புடைய ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. 1960களின் நடுப்பகுதியில் செக் நாட்டு ஆய்வாளர் கரெல் ஸ்லாமா அமெரிக்காவில் கரோல் வில்லியம்ஸின் ஆய்வுகூடத்துக்குத் தன்னோடு சிவப்புப் பூச்சிகளைக் கொண்டுசென்று வளர்த்தார். ஐரோப்பாவில் ஒழுங்காக வளர்ந்த பூச்சிகள் அங்கே முழுப்பூச்சியாகாமல் கூடுதல் தடவை தோல் கழற்றிவிட்டுச் செத்தன. உணவு, தண்ணீர் எல்லாம் சோதித்துக் கடைசியில் காரணம் வளர்ப்புப் பாத்திரத்தில் போட்ட கடதாசி என்று கண்டார்கள். அமெரிக்கக் கடதாசி செய்யப்பட்ட மரமொன்றில் இளமை ஓமோனைப் போன்ற பொருள் இயற்கையாகவே இருந்தது. மரம் தன்னைத் தின்னும் பூச்சியை என்றும் குஞ்சாகவே வைத்துக் கொல்லும் உபாயத்தை மனிதருக்கு நெடுங்காலம் முன்பே கண்டிருக்கிறது. எங்கள் வேலியோரத்து நாயுருவியிலும் எக்டைசோன் வகைப் பொருள் உண்டு.

வயலுக்குத் திரும்புவோம். அறக்கொட்டிக்கு அடிக்கும் மருந்துகளில் பப்ரோபெசின் ஒன்று. அது ஓமோனில் கை வைப்பதில்லை. புதிய தோலுக்குத் தேவையான கைற்றின் உருவாக்கத்தைத் தடுக்கிறது. அடித்த மறுநாள் வயலுக்குப் போனால் பூச்சி உயிரோடுதான் இருக்கும். ‘மருந்து பிடிக்கேல்லை’ என்று வேறொன்றை வாங்கி மேலால் அடிப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் வழக்கம் இது. அந்த மருந்தின் வேலை குஞ்சு அடுத்த தடவை தோல் கழற்றும்போதுதான் தெரியும். அதற்குச் சில நாட்கள் செல்லும். முழுப்பூச்சி இனித் தோல் கழற்றாது, ஆகவே அது சாகாது; அதன் முட்டைகள் பொரிப்பது மட்டும் குறையும். குஞ்சுகள் சிறிதாக, நிறைய இருக்கும் வேளையில் பயிரின் அடியில் படும்படி அடித்தால் பலன் உண்டு. வட்டம் வட்டமாகப் பயிர் கருகிய பிறகு அடித்தால் அந்தப் பணம் வாய்க்காலில் போனதுதான். அவசரத்தில் மேலால் அடிக்கும் வீரியமான மருந்துகள் சிலந்திகளையும் கொன்றுவிடுகின்றன. அறக்கொட்டியைத் தின்று குறைப்பதில் சிலந்திக்குப் பெரும் பங்குண்டு. அது போனால் பூச்சி முன்னரைவிடக் கூடுதலாகத் திரும்பி வரும்.

2018இல் இலங்கைக்குள் வந்த படைப்புழுவிலும் இதே கணக்கு. சோளக் குருத்துக்குள் புகுமுன், முதல் ஒன்றிரண்டு தோல் கழற்றல்களுக்குள் பிடித்தால் மருந்தோ வேப்பங்கொட்டைக் கரைசலோ வேலை செய்யும். வேம்பிலுள்ள அசாடிராக்டின் புழுவைத் தின்ன விடாமல் தடுக்கிறது. கூடவே மூளையிலிருந்து வரும் சமிக்ஞையையும் குழப்பி எக்டைசோன் அலையைச் சிதைக்கிறது. அலை பிந்தினால், தணிந்தால், அரைகுறையாக வந்தால் பரம்பரையலகுகளின் வரிசையும் குழம்பும். தோல் பாதி கழன்ற நிலையில் புழு சாகும். வெயில் பட்டால் அசாடிராக்டின் விரைவில் சிதையும் என்பதால் பொழுது சாயும்போது தெளிப்பது நல்லது. வன்னியில் வேம்புக்குப் பஞ்சமில்லை. விதையைப் பொறுக்கிக் காயவைத்து எடுத்துவைக்கும் பழக்கம்தான் குறைந்துவிட்டது.

தோல் கழற்றுவது பூச்சிகள் மட்டுமல்ல. நந்திக்கடலிலும் நாயாற்றிலும் பிடிபடும் இறாலும் நண்டும் இதே எக்டைசோனால்தான் ஓடு கழற்றுகின்றன, இதே குடும்பத்து வாங்கியால்தான் அதைக் கேட்கின்றன. அவற்றில் கண் தண்டிலுள்ள சுரப்பி ‘கழற்றாதே’ என்ற ஓமோனை விட்டுக்கொண்டிருக்கும். அது தணியும்போது எக்டைசோன் ஏறும். ஓடு மெத்தென்ற நண்டு வலையில் வந்தால், அது அப்போதுதான் அந்த அலையைக் கடந்து வந்தது. கைற்றின் உருவாவதைத் தடுக்கும் மருந்துகளில் சில, உதாரணமாக டைஃபுளூபென்சுரோன், இறால் நண்டு இனங்களுக்குக் கொடிய நஞ்சு. வயலில் தெளிப்பது வடிநீரோடு களப்பைச் சேரும் நிலத்தில் மருந்துப் போத்தலை வாய்க்காலில் கழுவுவது எவ்வளவு பிழை என்பதை இதைவிட விளக்கத் தேவையில்லை.

இளமை ஓமோனைப் போன்ற மருந்துகள் நுளம்புக்கு எதிராகவும் பயன்படுகின்றன. குடிநீர் சேர்த்துவைக்கும் பாத்திரங்களில் குறித்த அளவில் இடுவதற்கு உலக சுகாதார அமைப்பு ஏற்றுக்கொண்டவற்றுள் பைரிப்புரொக்சிபென் ஒன்று. அதை இட்ட தண்ணீரில் புழுக்கள் துள்ளிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் காவல் விலக வேண்டிய நேரத்தில் விலகாததால் கூட்டுப்புழுவுக்குள்ளிருந்து நுளம்பு வெளிவராது.

முழுப்பூச்சியான பிறகு எக்டைசோன் சுரக்கும் மார்புச் சுரப்பி பெரும்பாலான பூச்சிகளில் அழிந்துவிடுகிறது; இனித் தோல் கழற்றல் இல்லை. ஓமோனோ ஓய்வெடுப்பதில்லை. டெங்கு பரப்பும் பெண் நுளம்பு இரத்தம் குடித்ததும் மூளையிலிருந்து சமிக்ஞை போகிறது. இம்முறை சூலகம் எக்டைசோனைச் சுரக்கிறது. அது கொழுப்புத் திசுவின் கலங்களை அடைந்து அதே ஈசிஆர், யூஎஸ்பி சோடியில் பொருந்துகிறது. அதே ஈ-74, ஈ-75, புரோட் எழுகின்றன. அவை இங்கே திறப்பது முட்டையின் மஞ்சட்கருப் புரதத்துக்கான பரம்பரையலகை. குடித்து ஏறக்குறைய ஒரு நாளில் அந்தப் பரம்பரையலகு உச்சத்துக்கு எழுகிறது. பிறகு ஓமோன் இறங்குகிறது, அதுவும் அடங்குகிறது. ஓரிரு நாளில் நுளம்பு முட்டையிடத் தண்ணீர் தேடிப் புறப்படுகிறது.